ஆள் எண்ணும் நாள்

நறுவிலிக்குளத்தில் ஜெகதீபனை இன்றைக்கும் 'இந்தியாக்காரன்' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, இருபத்திரண்டு வயது வரைக்கும் அங்கே 'சிலோன்காரன்' என்று பெயர் வாங்கியவன் அவன். தாய்நாடு திரும்பிப் பத்து வருடமாகிறது. இரண்டு பக்கத்திலும் அவனை மற்றப் பக்கத்தான் என்றே வைத்திருந்தார்கள்.

குளிரூட்டி இயந்திரம் பழுதுபார்க்க இரண்டு வருடம் முறையாகப் படித்தவன். மன்னாரில் அந்தச் சான்றிதழைப் பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல படிப்பென்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். நானாட்டான் பக்கத்து மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துத்தான் சீவியம் போனது. "ஊருக்குப் போய்ச் சேந்தால் வேலை தன்பாட்டில வரும்" என்று சொல்லி அவனைக் கூட்டிவந்த அப்பா இராசேந்திரம், அந்த வேலை வருமுன்பே செத்துப்போனார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. இனி எந்த ஊருக்குப் போனாலும் வேலையை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டுதான் போவது என்று ஜெகதீபன் முடிவெடுத்திருந்தான். அவன் மனைவி கத்தரின் பக்கத்து ஊர் வங்காலைக்காரி. அவள் பேச்சுக்கு மறுபேச்சில்லை. "வேலை நிச்சயமெண்டால் நாளைக்கே சட்டி பானையைக் கட்டுறன். இல்லாட்டி இந்த வளவை விட்டு அசையமாட்டன்" என்றாள்.

ஒரு வருடமாகக் கைத்தொலைபேசியில் வேலை தேடினான். கொழும்பில் சிங்களம் தெரியுமா என்று கேட்டார்கள். கண்டியில் இந்தியச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். புத்தளத்தில் ஒருவர், "முதல்ல இஞ்ச வந்து இருங்கோ, பிறகு பாப்பம்" என்றார். குடிபோகாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாமல் அவன் குடிபோகமாட்டான். இந்த இழுபறியிலேயே மகள் ஜெயனி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் மீனைக் குளிரறையில் வைத்து அனுப்பும் நீர்கொழும்புப் பக்கத்துக் கொம்பனி ஒன்று வாய் திறந்தது. அங்கே அலுவலகத்தில் இருந்த சுவேதினி என்ற பிள்ளை தமிழில் பேசினாள். "அண்ணா, முதலாளி சேருக்கு உங்கட சான்றிதழ் பிடிச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேர வாங்கோ. புதன்கிழமை அவர் வெளிநாடு போறார், பிந்தினால் சரிவராது. குடும்பத்தோட இருக்க வீடும் குடுப்பினம்." கத்தரின் அன்றைக்கே அலுமாரியைத் திறந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கிராம சேவகர் தகவல் அனுப்பினார். அடுத்த நாள் பிரதேச செயலகத்திலிருந்து அரசாங்கம் கல்வீடு கட்டிக்கொடுக்கும் திட்டப் பட்டியலைச் சரிபார்க்க வருகிறார்களாம்; அதில் அவர்களுடைய பெயரும் இருந்தது. கத்தரின் உடனே அவருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். "ஒராள் நிண்டால் போதுமாம். நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ. வேலை கிடைச்சால் இந்த வீட்டில ஆர் இருக்கப்போறது?" என்றாள். அவன் ஓமென்றான். மத்தியானம் மன்னாருக்குப் போய் நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறினான்.

பஸ் பாலம் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தான். பிறகு அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. முகாமில் அதற்கு 'செக்கிங்' என்று பெயர். அதிகாரி வந்து பெயர் கூப்பிடும்போது குடும்பத் தலைவன் நேரில் நிற்கவேண்டும். அவனுக்கு எட்டு வயதாக இருக்கையில் ஒரு செக்கிங் நாளில் அப்பா வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போயிருந்தார். பொழுதுபட வந்து பார்த்தால் அவர்களுடைய பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஆறு மாதம் அரிசி இல்லை, பணமில்லை. அம்மா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியின் ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். ஜீப் நிற்கவில்லை.

இது முகாம் இல்லை, இங்கே மனைவி நிற்கிறாள், கிராம சேவகரே சொல்லிவிட்டார். எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கை போய் மணியை அடித்தது. தள்ளாடி என்ற ஊர்ச் சந்தியில் பையோடு இறங்கி நின்றான்.

வீட்டு வாசலில் அவனைக் கண்டதும் கத்தரின் முதலில் பயந்தாள், பிறகு விளங்கிக்கொண்டாள். "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறன். இஞ்ச புருசனே எல்லே அரசாங்க வீட்டை நம்பி வேலையைக் கைவிடுறான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் நேர்முகத்துக்கென்று ஸ்திரிபோட்டு மினுக்கி வைத்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அதிகாரி பதினொரு மணிக்கு வந்தாள். டிலானி என்று பெயர், இளம்பிள்ளை. கத்தரினிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, தகரக் கூரையைப் படமெடுத்து, கையெழுத்து வாங்கினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போகத் திரும்பும்போதுதான் அவனைக் கவனித்தாள்.

"அண்ணா வெளிக்கிட்டு நிக்கிறார். வேலைக்குப் போறியளோ?"

அவன் சேட்டின் கையை மடித்துவிட்டான். டிலானி கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயனியைப் பார்த்துச் சிரித்தாள். "பிள்ளைக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

"இருக்கு மிஸ். ஆள் எண்ண வருவினமாம். ஒராள் குறைஞ்சாலும் பேரை வெட்டிப்போடுவினமாம். அப்பாதான் நிக்கச் சொன்னவர்."

"ஆரம்மா பேரை வெட்டுறது? அப்பிடி ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு டிலானி அடுத்த வீட்டுக்குப் போனாள். ஜெகதீபனுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம்போல வெட்கமாக இருந்தது. வேலை போனதுகூடப் பரவாயில்லை. ஏழு வயதுப் பிள்ளை, முகாமைக் கண்ணாலும் காணாதவள், அவனுடைய பயத்தைப் பாடமாக்கி ஒப்புவித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சற்று நேரத்தில் சுவேதினி போன் எடுத்தாள். "சேர் பதினொரு மணி வரைக்கும் பாத்தவர் அண்ணா. சிலாபத்திலயிருந்து ஒராள் வந்திருந்தார், அவரை எடுத்தாச்சு. நீங்கள் ஏன் வரேல்லை?"

"வீட்டில ஒரு அலுவல்" என்றான்.

கத்தரின் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். உள்ளே போய் ஜெயனிக்கு வெள்ளைப் பள்ளிச் சட்டை போட்டு, தலையிழுத்துப் பின்னி, புத்தகப் பையைத் தோளில் கொழுவினாள்.

"சின்ன வகுப்பு விடுற நேரமாகுது. இப்ப போய் என்ன செய்யிறது?" என்றான் ஜெகதீபன்.

"ஒரு பாடம் எண்டாலும் இருக்கட்டும்." அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்தாள். அவனும் செருப்பைத் தேடி எழும்பினான்.

"நீங்கள் வரவேண்டாம்" என்றாள் கத்தரின். "வீட்டிலயே நில்லுங்கோ. ஆரும் எண்ண வந்தால் ஆள் இருக்கோணுமெல்லே."