பாஞ்சாலி வைத்துப்போன அரிசி

கதிரேசன் அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன். உள்ளே போகிற எந்த வண்டியின் நம்பரைக் கேட்டாலும் சட்டென்று சொல்வார். சொந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அப்படி ஒரு மனுஷன்! முப்பத்தோரு வருஷம் பெண்டாட்டி பாஞ்சாலி தட்டில் போட்டாள், இவர் தின்றுவிட்டுக் கை கழுவினார், அவ்வளவுதான்.

போன ஆடியில் பாஞ்சாலி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு நாலு நாள் முன்னால்தான் ஒரு மூட்டை பச்சரிசி வாங்கி, புடைத்து, கல் பொறுக்கி, கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டின் நீல டிரம்மில் கொட்டி மூடியிருந்தாள். கதிரேசன் அதில் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்றே நாளைக் கடத்தினார். முதல் வருஷத் தெவசத்துக்கு அவள் கைபட்ட இந்த அரிசியில்தான் சோறாக்கிப் படைக்க வேண்டும், அதுவரை ஒரு வண்டு அண்டக் கூடாது. வேறு நினைப்பே இல்லை அவருக்கு.

வேப்பிலையையும் வசம்பையும் காயவைத்து அவள் மிக்ஸியில் அரைப்பது ஞாபகம் இருந்தது. அரைத்ததை என்ன செய்வாள்? அதை எங்கே பார்த்தார் இவர்! அரிசியில் கொட்டிக் கலப்பாள் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புதுப்பொடி அரைத்துத் தூவி, முழங்கை வரை விட்டுக் கிளறினார். இலை சரியாகக் காயாத வாரமும் விடவில்லை. பூச்சி வரவில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

தெவசத்தன்று ஆதம்பாக்கத்திலிருந்து மகள் கயல் வந்தாள். கதிரேசன் தானே அரிசியை ஏழெட்டுத் தண்ணீர் கழுவி உலை வைத்தார். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள், விழுந்து கும்பிட்டார்கள். பிறகு சாப்பிட உட்கார்ந்த கயல் முதல் வாயையே துப்பிவிட்டாள்.

"இன்னாப்பா இது? விஷமாட்டம் கசக்குது! பொடிய அரிசியிலயா கலந்த?"

"உங்கம்மா அப்டித்தானே பண்ணும்?"

"ஐயோ, அம்மா எப்பப்பா கலந்துச்சு? துணியில முடிஞ்சு அடியில வெக்கும். சோத்துல வாடை வந்தா நீ தட்ட தள்ளிடுவேன்னு பாத்துப் பாத்து வெக்கும்பா."

கதிரேசன் எழுந்து போய் டிரம்மை அப்படியே தரையில் கவிழ்த்தார். பச்சைப் பொடி படிந்த அரிசி மொத்தமும் சரிந்தது. அடியிலிருந்து மூன்று முடிச்சுகள் உருண்டு வந்தன. அவருடைய பழைய காக்கிச் சட்டையைக் கிழித்து முடிந்தவை. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். வசம்பு வாசனை இன்னும் குப்பென்று அடித்தது.

பாவி மனுஷன், அந்த அரிசிக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார்.

"எல்லாத்தியும் பாத்து வெச்சிட்டுத்தான் போய்கிறா. நான் சும்மா இருந்திருந்தாலே போதும் கயலு. சாகறவரைக்கும் எனுக்கு வாடை வராம ஆக்கிப் போட்டா. நான் ஆக்கிப் போட்டது ஒரே ஒரு வேளை. அதையும் அவ வாயில கசப்பா வெச்சிட்டனே!"