கழற்றிய லைற்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வாடகைக்கு ஹயர் வான் ஓட்டுகிறவன், எத்தனையோ இரவுகள் தனியே வந்திருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. இது நடந்ததோ பட்டப்பகலில். சிரிப்பதென்றால் சிரியுங்கள், கடைசியில் ஒரு விளக்கமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வானின் முன் பம்பரில் பகலிலும் எரிகிற வெள்ளை லைற் இரண்டு பூட்டியிருந்தேன், ஸ்டார்ட் பண்ணினால் தானாக எரியும். எங்கள் பக்கத்தில் பகலில் லைற்றோடு போனால் எதிரே வருகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள், எரியுது அணை என்று விரல்களை விரித்து விரித்து மூடிக் காட்டுவார்கள். அலுத்தேவிட்டது எனக்கு. போதாக்குறைக்கு வருடாந்தப் பரிசோதனையில், வெளியில் பூட்டிய லைற்றைக் கழற்றாமல் தகுதிச் சான்றிதழ் இல்லை என்றார்கள். கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன், சான்றிதழும் கிடைத்தது.

அடுத்த கிழமை நிறைமாதமாயிருந்த என் மனுசியை முன் சீற்றில் இருத்திக்கொண்டு உடையார்கட்டிலிருந்து கிளிநொச்சிக்குக் கிளினிக் போகிறேன், எதிரே வந்த பஸ்காரர் விரலை விரித்து மூடினார். பழக்கதோஷம் என்று நினைத்தேன். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு ஒரு ஓட்டோ, எல்லோரும் அதையே காட்டுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் பம்பரில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது, பெரிய லைற்றும் அணைந்துதான் கிடக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கொஞ்சத் தூரத்தில் சோவென்று மழை. பெரிய லைற்றின் சுவிச்சுக்குக் கை போவதற்குள் உழவு இயந்திரமொன்றை முந்திக்கொண்டு ஒரு லொறி நேரே எங்கள் மேல் வருகிறது. மனுசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முடிந்தது என்றே நினைத்தேன், ஆனால் லொறி எப்படியோ பிரேக் பிடித்து உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. லொறி டிரைவர் இறங்கி வந்தார்.

"கீழ அந்த ரெண்டு வெள்ளை லைற்றும் எரிஞ்சபடியாத்தான் உங்களைக் கண்டனான் அண்ணை. இல்லாட்டி அடிச்சிருப்பன்."

லைற்றே இல்லை, வந்து பாருங்கோ என்றேன். குனிந்து ஓட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லொறியில் ஏறிப் போய்விட்டார்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதற்குப் பிறகு யார் சும்மா இருப்பார்கள், அடுத்த பரிசோதனையை அப்போது பார்ப்போம் என்று லைற்றைத் திரும்பப் பூட்டிவிட்டேன். நன்றாக எரிகிறது, நிறுத்தி நிறுத்தி இறங்கிப் பார்க்கிறேன், எரிகிறது. ஆனால் இப்போது வீதியில் ஒருவர்கூட விரலைக் காட்டுவதில்லை. நேற்றும் மனுசி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள், அதே பஸ்காரர் எதிரே வந்தார், நானே கையை உயர்த்தினேன். அவர் எங்கள் பக்கம் பார்த்தபடியேதான் போனார், வெறும் ரோட்டைப் பார்ப்பதுபோல.