சாந்தாமணி திருப்பிக் கொண்டுபோன நாற்பத்தேழு டப்பாக்கள்

கோபிச்செட்டிபாளையம் ரேஷன் கடையில் சாந்தாமணி அடுத்த கார்டைக் கூப்பிட்டால், சத்தியமங்கலத்தில் இருப்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். இருபத்தேழு வருஷம் அங்கே எடை போட்டவள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ரொம்ப இல்லை.

ஓய்வுக்குப் பிறகு மகனோடு இருக்க அமெரிக்காவில் இர்விங்குக்கு வந்தாள். எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே ஒரு பாப்டிஸ்ட் சர்ச். செவ்வாய்க்கிழமை இலவச இங்கிலீஷ் கிளாஸ், சனிக்கிழமை இல்லாதவர்களுக்கு மளிகைப் பை. கிளாஸுக்குப் போனவள் மூன்றாம் வாரமே பை கட்டும் மேஜையில் நின்றாள்.

"அம்மா, உன்ன convert பண்ணிருவாங்க," என்றான் மகன் நெடுஞ்செழியன்.

"என்னையவா? காப்பில சக்கரையக் கொறைக்க வெக்கவே உங்கப்பனால முப்பது வருஷம் முடியல. போய் மீட்டிங்கப் பாரு கண்ணு."

அந்த வருஷம் எங்கள் அபார்ட்மென்ட்டில் பதினொரு வீட்டில் வேலை போயிருந்தது. விசா கெடு ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். கௌரவத்தைக் காரிலேயே பூட்டிவிட்டு சனிக்கிழமை வரிசைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டிய பை: மக்ரோனி, பீநட் பட்டர், மாட்டுக்கறி டப்பா. அது வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கொடுக்கிறவர் மனசு நோகுமே. நாலு தடவை தேங்க்யூ சொல்லி வாங்கிவந்து, டப்பாவை மட்டும் லாண்டரி ரூம் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் நிறைந்து, மெஷின் மேல் ஏறி, டப்பாக்களே துணி துவைக்க வந்ததுபோல வரிசை கட்டி நின்றன. அபார்ட்மென்ட் மேனேஜர் அதை போட்டோ எடுத்து சர்ச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தச் சர்ச்சில் எல்லாவற்றுக்கும் ஓட்டு. பாஸ்டர்கூடத் தனியாக முடிவு எடுக்க முடியாது. முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிய உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். புதன்கிழமைக் கூட்டத்தில் மளிகைப் பொறுப்பாளர் ராண்டி எழுந்தார். "வீணாக்குகிறவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அந்த அபார்ட்மென்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்."

கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு சாந்தாமணி வந்தாள். நாற்பத்தேழு டப்பாவையும் ஒவ்வொன்றாக அவர் முன்னால் அடுக்கினாள். அவள் பேசிய இங்கிலீஷை அப்படியே எழுதினால் காகிதம் தாங்காது, தமிழில் தருகிறேன்.

"ஒண்ணுகூடத் திறக்கலைங்க. ஒண்ணுகூடக் குப்பைக்குப் போகல. எங்க கடைல அரிசி வேணும்னா சோப்பும் வாங்கோணும்னு மேலிருந்து தள்ளுவாங்க. வேண்டாததத் தலைல கட்டிட்டு, வாங்குனவன் மேல குத்தம் சொல்லுவாங்க. அங்கயே நான் அதுக்கு ஒத்துக்கல. இங்கயா ஒத்துக்குவேன்? அவங்க மாட்டுக்கறி திங்கறதில்லைங்க. பருப்பும் அரிசியும் வெய்ங்க. வேணுங்கறத அவங்களே எடுக்கட்டும்."

"நீங்கள் உறுப்பினர் இல்லையே," என்றார் ராண்டி. "தண்ணீரில் முழுகி எழுந்தால் நீங்களும் கை தூக்கலாம்."

"நான் தினம் ரெண்டு வேளை முழுகறேன். அதுக்காக யாருகிட்டயும் ஓட்டுக் கேக்கல."

பின்வரிசையில் சிரித்தார்கள். ஆனாலும் முப்பதுக்கு இருபத்தொன்பது என்று அபார்ட்மென்ட்டின் பெயர் பட்டியலிலிருந்து போனது.

சனிக்கிழமை, ஆகஸ்ட் வெயில். பார்க்கிங்கில் முட்டை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகும் என்பார்கள்; அன்றைக்குக் கோழியே நேராக வறுவலாகியிருக்கும். 'அனைவரும் வருக' என்று சர்ச் எழுதிவைத்த பலகைக்கு நேர் கீழே சாந்தாமணி மடக்கு மேஜையை விரித்தாள். துவரம்பருப்பு, பொன்னி அரிசி, புளி. மருமகள் ஷ்யாமளா வாட்ஸ்அப்பில் போட்ட ஒரே மெசேஜுக்கு வந்து குவிந்தவை. பதினொரு வீடும் வரிசையில் நின்றது. சர்ச் வரிசையிலிருந்த மெக்ஸிகோக்காரப் பெண்கள் பருப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு இந்த வரிசைக்கு மாறினார்கள்.

ராண்டி வந்தார். "இது சர்ச் நிலம்."

"பலகையும் சர்ச்சோடதுதானுங்க. அதக் கழட்டுங்க, நான் போயிடறேன்."

ராண்டி பலகையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பிறகு குனிந்து மேஜையின் ஒரு முனையைத் தூக்கினார். "உள்ளே ஏசி இருக்கிறது. ஆனால் ஓட்டு ஓட்டுதான். புதன்கிழமை மறுபடி பேசுவோம்."

"பேசுவோம். நேராப் புடிங்க, புளி சாயுது."

புதன்கிழமை, அபார்ட்மென்ட்டைப் பட்டியலில் திரும்பச் சேர்க்க மறுபடி ஓட்டு. ராண்டி இரண்டு கையையும் தூக்கினார். ஒன்று தன்னுடையதாம், இன்னொன்று முழுகாதவளுடையதாம். பாஸ்டர் ஒன்றைத்தான் எண்ணினார். அதுவே போதுமானதாக இருந்தது.