விமான மூக்கில் செகண்ட் முள்

வாட்ச் ரிப்பேர் கடை என்றால் ஒரு தகர டப்பா இருக்கும்; அதில் கிடக்கிற திருகும் முள்ளும் யாருடையது என்று கேட்டால் ஒருத்தனும் நேராகப் பதில் சொல்ல மாட்டான். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிப் பிழைத்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? நான் டப்பாவோடு நின்றிருக்கலாம். ஒரு நர்ஸம்மாவின் வாட்ச்சில் கை வைத்தேன். அதைச் சொல்லித் தொலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கால் ஒடிந்து வந்தது

எழுபதுகளின் ஆரம்பம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் சுவர் இடிக்கிற கடை எனக்கு. செவிலிமேட்டு டிராயிங் மாஸ்டர் ஒருவர் பட்டுப்புடவை அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே புடவை இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஜெட் விமானம். சிங்கப்பூர் மச்சான் அனுப்பிய துண்டுகளை அவரே ஒட்டிச் செய்தது. சக்கரத்துக் கால் ஒடிந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கம்பியை வெட்டி, ராவி, புதுக் கால் வைத்துக் கொடுத்தேன். மாஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "கடிகாரத்துல உன்ன வீணாக்கிட்டாங்கபா."

குத்தவைத்த விமானம்

அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்துவிட்டேன். வாரம் தவறாமல் அதே விமானத்தோடு பெட்டி வரும். பிளாஸ்டிக்காக எது கண்ணில் பட்டாலும் பிடுங்கிவிட்டு உலோகம் வைப்பேன். சக்கரத்துக்கு வாட்ச் பல்சக்கரம், வாலுக்குப் பித்தளைத் தகடு. ஊரார் வாட்ச்சுகள் 'நாளைக்கு வாங்க' என்ற பேச்சிலேயே கிடந்தன. வால் கனத்துப் போய் விமானம் ஒருநாள் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூன்று வாரமாகத் தன் வாட்ச்சுக்கு நடந்துகொண்டிருந்த நெசவுக்காரர் ஒருவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார். "என் வாட்ச்சுதான் ஓடலன்னா, உன் ஏரோப்ளேனும் குத்த வச்சிக்கினு இருக்குதே நைனா."

மூக்கு ஊசி

மூக்குக்குள் ஈயத்தை அடைத்து அதைச் சரிசெய்தேன். செய்கிற வேகத்தில், ஜெட்டின் மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய ஊசி ஒடிந்தது. மறுநாள் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. தையல் ஊசி வைத்தேன், தடியாக இருந்தது. ஜரிகை இழை வைத்தேன், தொங்கியது. மேஜையில் பெரியாஸ்பத்திரி ஸ்டெல்லா சிஸ்டரின் வாட்ச் திறந்து கிடந்தது. எண்ணெய் போடக் கொடுத்தது. அதன் செகண்ட் முள் நல்ல நீளம், நுனி மயிரிழை. செகண்டை எவன் பார்க்கிறான் என்று எடுத்து, விமான மூக்கில் செருகி ஒட்டி, நுனிக்குச் சிவப்பு பெயிண்ட்டும் வைத்தேன். நர்ஸ் ஒருத்தர் நாடியை எதை வைத்து எண்ணுவார் என்று அரை நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

மறுநாள் சிஸ்டர் வந்தார். முள் ஒடிந்துபோச்சு, மெட்ராஸில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று கூசாமல் சொன்னேன். வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஒடையறது சகஜந்தானேண்ணா, வந்தா சொல்லி அனுப்புங்க."

ஜுரம்

இரண்டு மாதம் போனது. என் மனைவி டைபாய்டில் பெரியாஸ்பத்திரியில் படுத்தாள். சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். "வாட்ச்ச கொஞ்சம் கழட்டிக் குடுங்கண்ணா. என்னுதுல முள்ளு இல்லாம பெட்டு பெட்டா எரவல் கேட்டுக்கினு இருக்கறேன்."

பிடுங்கியது

கழற்றிக் கொடுத்தேன். அவர் என் வாட்ச்சைப் பார்த்து என் மனைவியின் நாடியை எண்ணினார். அந்த ஒரு நிமிஷமும் எனக்குத் தலை நிமிரவில்லை. இதுவரை எத்தனை பேர் நாடியை எப்படி எண்ணினாரோ? விடிந்ததும் செவிலிமேட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். மாஸ்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு முள்ளைப் பிடித்து இழுத்தேன். விமானத்தின் மூக்கும் கூடவே பெயர்ந்து வந்தது. மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஊரையே கூப்ட்டு காமிச்சேனேபா."

முள் வந்த வழி

சுரண்டினால் வளைந்துவிடும் என்பதால், ஆஸ்பத்திரிக்கே போய் சிஸ்டரின் வாட்ச்சை வாங்கி, சிவப்பு நுனியோடே முள்ளைப் பொருத்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டு நின்றேன். முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை சிஸ்டர் கண் எடுக்காமல் பார்த்தார். கோத்ததை நான் எடுப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "நுனி செவப்பா இருக்குதே, வெளிச்சம் கம்மியா இருந்தாலும் தெரியும். எனக்குன்னு பாத்து மெட்ராஸ்லருந்து வரவச்சிருக்கீங்க, நல்லா இருப்பீங்கண்ணா."

விமானத்துக்குப் போனது பிளாஸ்டிக் மூக்கு, அறுபட்டது என் மூக்கு. அதற்கு மட்டும் எந்த உலோகத்திலும் மாற்று செய்ய எனக்கு இன்றுவரை தெரியவில்லை.