கட்டிலுக்குள் அரம் போடுகிறவன்

தீப்பெட்டியைத் திறக்காமல் காதில் வைத்துக்கொள்வார் ராஜகுரு. பூச்சி கொண்டுவந்த சம்சாரி, "தொறந்து பாருங்க சார், உள்ளதான் கெடக்கு" என்று எட்டிக் காட்டுவார். ராஜகுரு தலையைச் சாய்த்து, பெட்டியை ஒருமுறை குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எண்ணெய் காணாத கீல் திருகுவதுபோல் உள்ளிருந்து ஒரு கீச்சொலி வரும். "கத்துறாக. கொம்பு வண்டுதான்" என்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி திறக்கும்.

அருப்புக்கோட்டை டவுனைத் தாண்டி, ஒரு பருத்திப் பண்ணையின் ஓரத்தில் இருக்கிறது அவருடைய பூச்சிப் பிரிவு. பிரிவு என்றால் ஓர் அறை, ஓர் உருப்பெருக்கி, அந்துருண்டை வாசம் அடிக்கும் மரப்பெட்டிகள், பிறகு ராஜகுரு. திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் டானிக் பாட்டிலிலும் சீனி மடித்த காகிதத்திலும் பூச்சியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது மருந்தின் பெயர். "என்னத்த அடிக்கணும், அத மட்டும் சொல்லுங்க. பஸ்ஸு போயிரும்." ராஜகுரு லென்ஸைத் துடைப்பார். "பொறுங்க. மொதல்ல இவுக யாருன்னு பாப்போம்." பூச்சிக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது. மனிதர்களுக்கு அவ்வளவு பேச்சே கிடையாது.

பார்ப்பதற்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் கொம்பு, தலையிலிருந்து மெல்லிசாக நீளும் உணர்கொம்பு. முதுகின் மேல் மடக்கி நீட்டி, அது உடம்பின் நுனியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார். ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் குறைவு. பிறகு கண். கொம்பு வண்டின் கண் வட்டமாக இருக்காது. கொம்பு முளைக்கும் இடத்தைச் சுற்றி முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்திருக்கும். பிறகு தலைக்கும் இறக்கைக்கும் நடுவில் உள்ள முன்மார்பு. அது ஒரு கழுத்துப்பட்டை போல இருக்கும். அதன் இரண்டு பக்கத்திலும் முள் இருக்கிறதா, இல்லையா? அதன் பின்ஓரத்தை உடம்பின் அடுத்த கட்டின் மேல் உரசித்தான் வண்டு கத்துகிறது. கடைசியாக இறக்கை மூடிகளின் நுனி. இத்தனையும் முடிந்து, மல்லாக்கப் போட்டு, வயிற்றையும் பார்க்காமல் பெயர் சொல்லமாட்டார். மேலதிகாரி ஒருவர், "ஏதாச்சும் ஒரு பேரப் போட்டு அனுப்பி விடுங்களேன்" என்று எரிச்சல்பட்டதுண்டு. ராஜகுரு அன்றும் மல்லாக்கப் போட்டுத்தான் பார்த்தார்.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அக்காள் புருஷன் வெள்ளத்துரை அதற்குக் காரணம் வைத்திருந்தார். "பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனா மாப்ள மொகத்தையா பாப்பாரு? கொம்பு எங்கடான்னு தேடுவாரு. மல்லாக்கப் போடணும்னு கேட்டுட்டார்னா அடி யாரு வாங்குறது?" எல்லோரும் சிரிப்பார்கள். ராஜகுருவும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

சாயங்கால பஸ்ஸில் பரளச்சியில் இறங்கி, கடலைக் காட்டு ஓரமாக நடந்தால் வீடு. அப்பா சீனிச்சாமி போனபிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். காலையில் வடிக்கும் சோறு இரவுக்கும் வரும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பார். கட்டிலில் படுப்பதில்லை.

அது வாகைக் கட்டில். சொந்தக் கிணற்றோரத்தில் நின்ற மரம். அந்தப் பக்கத்தில் மரத்தை வெட்டினால் கண்மாயில் போட்டு ஊறவைப்பார்கள். மாதக்கணக்கில் சகதிக்குள் கிடந்து கறுத்துப்போன மரத்தைத்தான் ஆசாரி தொடுவார். எண்பத்து மூன்றில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சீனிச்சாமிக்குப் பொறுமை இல்லை. "மழ பேஞ்சு, கண்மா பெருகி, அது ஊறி, எப்ப நான் படுக்க?" என்று ஆசாரியை வரச்சொல்லிவிட்டார். பச்சை மரத்தை அறுத்து, வெயிலில் காயப்போட்டு, நாலு காலும் கடைந்து கட்டில் செய்தாயிற்று. தலைமாட்டுக் கால்கள் இரண்டும் சட்டத்துக்கு மேலே குமிழோடு நீட்டிக்கொண்டிருக்கும்.

சில வருஷம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. பகலில், வீடு அடங்கிக் கிடக்கும் உச்சி வெயிலில், தலைமாட்டு இடது காலுக்குள்ளிருந்து 'கர்ர்... கர்ர்...' என்று. சீனிச்சாமிதான் முதலில் கண்டுபிடித்தார். "ஏலே குரு, உள்ள எவனோ அரம் போட்டுக்கிட்டிருக்கான்டா." ராஜகுரு காதை வைத்துக் கேட்டார். புழு. வெளியே துவாரம் ஒன்றுமில்லை. உள்ளுக்குள்ளேயே மரத்தைத் தின்று, மாவை முதுகுக்குப் பின்னால் கெட்டித்துக்கொண்டு போகிற புழு.

பிறகு அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. முதல் மூன்று மாதம் ராஜகுரு லீவு போட்டுக் கூட இருந்தார். மூத்திரச் சட்டி எடுப்பது, கஞ்சி கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது. மத்தியானங்களில் வீடு அடங்கிவிடும். அப்போது சீனிச்சாமி இடது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், ஆள்காட்டி விரலால் கட்டில் காலை இரண்டு முறை தட்டுவார். அரம் நின்றுவிடும். அவர் கூரையைப் பார்த்தபடி காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் உள்ளே மறுபடி 'கர்ர்' என்று தொடங்கும். கிழவருக்கு வாயில் ஒரு பாதி மட்டும் சிரிக்கும். மகனைத் திரும்பிப் பார்ப்பார், கேட்டாயா என்பதுபோல. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. வேறு எந்த விளையாட்டும் அவருக்கு மிச்சம் இருக்கவில்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அக்காள் முருகேஸ்வரி கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். உயிர் போன கட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாதாம். ராஜகுரு காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். அவளும் அதற்குமேல் பேசவில்லை.

மறு வருஷம் அவளுக்குப் பேச ஒரு காரணம் கிடைத்தது. திருச்சுழியில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். சுவர் எழும்புவதற்கு முன்னாலேயே வெள்ளத்துரை தேக்குக் கதவு நிலைகளையும் ஜன்னல் சட்டங்களையும் லோடு ஏற்றிக் கொண்டுவந்து பரளச்சி வீட்டுக் கூடத்தில் அடுக்கினார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். அடுக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கட்டிலுக்குள் சத்தம் கேட்டது.

"மாப்ள, என்ன அது?"

"புழு மச்சான்."

"புழுவா! நான் நெலைய இங்க கொண்டாந்து வச்சிருக்கேன், நீரு சாவகாசமா புழுன்னு சொல்றீரு?"

முருகேஸ்வரி குரலை இறக்கிப் பேசினாள். "குரு, அந்தக் கட்டிலத் தூக்கிருவமாடா? தொழுவத்துலயாச்சும் போடு."

"அதுக்கு றெக்க மொளைக்கும்க்கா. தொழுவத்துல போட்டாலும் பறந்து வரும்."

"அப்ப மருந்து ஊசி போடும்" என்றார் வெள்ளத்துரை.

"வழியெல்லாம் மாவால அடைச்சுக்கிட்டுல்ல போகுது. மருந்து உள்ள எறங்காது." ராஜகுரு கட்டில் காலைத் தடவிப் பார்த்தார். "ஆனா இதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு பச்ச மரத்துல, பட்டைக்குள்ளதான் முட்ட போடும். அப்பா ஊறப்போடாமச் செஞ்சதால மரத்தோடவே வந்திருக்கும். அதுன்னா வெளிய வந்து பறந்து போயிரும், காஞ்ச மரத்தத் திரும்பிப் பாக்காது. கட்டில் இருக்கலாம்."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு காஞ்ச மரத்துலயே முட்ட போடும். திரும்பத் திரும்ப. ஒங்க நெல, இந்த வீட்டு விட்டம் எல்லாத்துலயும்."

"இது எந்தச் சாதி?"

"வண்டு வெளிய வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

அலுவலகத்தில் சம்சாரிகளுக்குச் சொல்கிற அதே வார்த்தை. ஆனால் அன்று மனசுக்குள் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார். கண்மாய் வற்றிய வருஷம், ஊறாத மரம், எல்லாம் முதல் சாதிக்கே பொருந்தி வந்தது. முன்மார்பின் இரண்டு பக்கத்திலும் முள் இருக்கும் அதற்கு. அந்த முள்ளை அவர் நினைத்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் நினைத்தார். உலை வைக்கும்போது நினைத்தார். பழைய கொசுவலையைக் கட்டிலைச் சுற்றிப் போர்த்தி, காலடியில் செங்கல் வைத்து அழுத்தினார்.

வைகாசியில் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வலைக்குள் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. சட்டத்தின் அடியில் நீள்வட்டமாக ஒரு துவாரம். கீழே தரையில் மஞ்சள் மாவு, சலித்த மாதிரி. ராஜகுரு வலைக்கு முன் குந்தினார். துணியோடு சேர்த்து வண்டை மெல்லப் பிடித்துக் காதில் வைத்தார். கத்தியது. வழக்கம்போல் கொம்பிலிருந்துதான் தொடங்கினார். உடம்பைத் தாண்டி நீண்ட கொம்பு, ஆண். அடிக்கணுக்களின் கீழ்ப்புறத்தில் வரிசையாக நீண்ட முடி, தாடி போல. கண்ணுக்கு வந்தார். முன்மார்புக்கு வந்தபோது லென்ஸை இறக்கிவிட்டு, விளக்குப் போட எழுந்து போனார். விளக்கில்லாமலே தெரிந்திருந்தது.

முள் இல்லை. உருண்டையான பக்கம். இரண்டு பக்கத்திலும் முடி அடர்ந்த ஒரு பள்ளம், கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி. இறக்கை மூடிகள் செம்பழுப்பு, மேலே பூனைமயிர். இரண்டும் சேரும் இடத்தில், நுனியில், ஊசிபோல ஒரு சின்னக் கூர். காய்ந்த மரத்தில் முட்டையிடுகிற சாதி. அதன் லத்தீன் பெயரிலேயே தாடி இருக்கிறது. மல்லாக்கப் போட்டு வயிற்றையும் பார்த்தார். அடுத்த நாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கியின் கீழ் இன்னொரு தடவை பார்த்தார். முள் முளைத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சுழிக்குப் போனார். முருகேஸ்வரி செங்கலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, ரெண்டாவது சாதிதான். கட்டில எரிச்சிரணும்."

குடத்தைக் கீழே வைத்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "ஏண்டா, ஒனக்கென்ன, மொதச் சாதின்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போகும்?"

"இல்லாத முள்ள எப்படிக்கா இருக்குன்னு சொல்ல?"

"நீ கட்டிலு இருக்கட்டும்னு ஒத்தக் கால்ல நிப்பன்னு நம்பித்தான்டா நான் தைரியமாக் கேட்டேன். அப்பா படுத்த எடம்டா அது." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ராஜகுரு குடத்தை எடுத்து, மிச்சச் செங்கலுக்கும் தண்ணீர் விட்டு முடித்தார்.

கட்டிலை அவர்தான் பிரித்தார். ஆப்புகளைத் தட்டிக் கழற்றி, சட்டங்களைக் கிணற்றோரத்தில், வாகை நின்ற குழிக்குப் பக்கத்திலேயே அடுக்கினார். வெள்ளத்துரை மண்ணெண்ணெய் கொண்டுவந்திருந்தார். அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை. தீ பிடித்தபோது அவர்தான் கவனித்தார்.

"மாப்ள, மூணு கால்தான கெடக்கு?"

"ஒண்ணு ஆபீசுக்கு. கம்பி வலக் கூண்டுக்குள்ள. இவுக எத்தன வருசம் உள்ள இருக்காகன்னு பாக்கணும். வெளிய வர முடியாது மச்சான். நெலைக்கு ஒண்ணும் ஆகாது."

வெள்ளத்துரை தீயைக் கிளறிவிட்டார்.

அந்தத் தேக்கு நிலைகள் இப்போது திருச்சுழி வீட்டில் நிற்கின்றன. ஆடி பிறந்ததும் முருகேஸ்வரி ஒவ்வொன்றையும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவர் ஒவ்வொன்றிலும் காதை வைத்துவிட்டு, "சத்தமில்ல" என்பார். பரளச்சி வீட்டுக் கூடத்தில் கட்டில் கிடந்த இடம் காலியாகவே இருக்கிறது. பாயை அவர் நடுவில் நகர்த்திப் போடவில்லை; பழைய இடத்திலேயே, ஓரமாகத்தான் விரிக்கிறார்.

பண்ணை அலுவலகத்தில் சாயங்காலம் எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபின் அறை அமைதியாகிவிடும். ராஜகுரு லென்ஸைத் துடைத்து உறையில் போடுவார். மரப்பெட்டிகளைப் பூட்டுவார். பரளச்சி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கும். மூலையிலிருக்கும் கம்பிவலைக் கூண்டுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். உள்ளே, தகரத் தட்டின் மேல், குமிழோடு நிற்கிறது வாகைக் கால். எழுதுவதும் சாப்பிடுவதும் லென்ஸ் பிடிப்பதும் எல்லாம் அவருக்கு வலது கைதான். அந்தக் கையை மடியில் அசையாமல் போட்டுவிட்டு, கூண்டின் சின்னக் கதவைத் திறந்து, இடது கையை உள்ளே விட்டு, ஆள்காட்டி விரலால் இரண்டு முறை தட்டுவார். அரம் நிற்கும். அவர் கூரையைப் பார்த்தபடி காத்திருப்பார்.