ஈயை ஒழிக்க ஒரு பிரியாணிக் கூட்டம்

சேவூர் பக்கம் எங்கள் ஊரில் கறிக்கோழிப் பண்ணை வந்ததிலிருந்து ஈத் தொல்லை தாங்கவில்லை. கோழி எருவில் பெருகி, நேராக எங்கள் டீயில் வந்து விழும். அக்காவின் கைக்குழந்தைக்கு ரெண்டாவது தடவையாக வயிற்றுப்போக்கு வந்தபோது எனக்குச் செம கடுப்பு. திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையரையே சமாளிக்கிற ஆள் நான். ஒரு பண்ணையை மூட வைக்க முடியாதா?

ஊர்க்கூட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா கூப்பிட்டால் எவன் வருவான்? 'சிக்கன் பிரியாணி உண்டு' என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டேன். ஊரே வந்தது. பண்ணைக்கார மாமாவும் வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார்.

"பண்ணைய மூடிருங்க மாமா. பாப்பாவுக்கு முடியலீங்க," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "மூடிக்கலாங் கண்ணு. இந்தக் கோழி ஏதுன்னு கேட்டியா? காலைல நம்ம பண்ணைல புடிச்சதுதான். முன்ன ஒரு கோழி ஷெட்டுதான் இருந்துச்சு. நீங்க திங்கறதுக்குப் பத்தலைன்னுதானே ரெண்டாவது போட்டேன்?"

பந்தியே சிரித்தது. "அடுத்த வாரமும் கூட்டம் போடு மாப்ள!" என்று ஒருத்தன் கத்தினான். யாரும் இலையை விட்டு எழவில்லை. நானும்தான்.

வீட்டில் அக்கா குழந்தையைக் கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தாள். "மூடறாங்களாமாடா?" என்று கேட்டாள். அவளுக்குக் கட்டி வந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதற்குள் ஈ மொய்த்துவிட்டது.

பாப்பா இன்னும் வலைக்குள்தான் இருக்கிறாள். இந்த ஞாயிறும் கோழிக்கறிக் கடை வரிசையில் நின்றது நான்தான்.