மரியதாஸ் அண்ணனின் செம்மஞ்சள் தொப்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்துக் கறுப்பு எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. என் வேலை கொம்பியூட்டரோடு. மெசின் ஒன்று கோளாறு பண்ணினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்படும், எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும். சிரியுங்கள், நானும் ஒருகாலத்தில் சிரித்தவன்தான்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். கப்பல்களில் இருந்து வருகிற மெயில் எல்லாம் ஒரே பொதுப் பெட்டிக்குத்தான் வரும். அந்தப் பெட்டி சேர்வருக்குள்ளே இல்லாமல், முற்றத்துக்கு அப்பால் பண்டகசாலையில் இருந்த ஒரு பெரிய டிஸ்க்கில், நீண்ட வயரின் மறுமுனையில் இருந்தது. யாராவது பெட்டியைத் திறந்தால் அவருடைய மெசின் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுக் கோப்பு ஒன்றை எழுதி வைக்கும், இன்ன மெசின் பாவிக்கிறது, மற்றவர்கள் பொறுங்கள் என்று. வேலை முடிந்ததும் அதை அழித்துவிடும். சொந்த டிஸ்க்கில் இது சுகமாக நடக்கும், வயருக்கு அப்பால் இருக்கிற டிஸ்க்கில் நம்பி இருக்க ஏலாது. சிலவேளை இரண்டு பேர் ஒன்றாகத் திறந்து மெயில்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து போகும். சிலவேளை திறந்தவர் எழும்பிப் போன பிறகும் பூட்டு அப்படியே நிற்கும். பெட்டியை சேர்வருக்கே மாற்றுவோம் என்று மனேஜரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்ததுதான் மிச்சம். "இப்ப வேலை நடக்குதுதானே, பிறகென்ன?" என்பார்.

வேலை எப்படி நடந்தது என்றால், ஒரு தொப்பியால் நடந்தது. மரியதாஸ் அண்ணன் கப்பல்களுக்குப் போய் வருகிற எங்கள் கிளாக்கர். ஏதோ ஒரு கப்பல்காரன் கொடுத்த செம்மஞ்சள் தொப்பியை அவர் ஆணியில் மாட்டி, தொப்பி போட்டவர் மட்டும் பெட்டியைத் திறக்கலாம் என்று சட்டம் போட்டார். முடிந்ததும் தொப்பியை மாட்டிவிட்டு "வைச்சிட்டன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். மறதியில் தொப்பியோடு யாராவது சாப்பிடப் போய்விட்டால் போன் எடுப்போம், அவர் அங்கிருந்தே "வைச்சிட்டன்" என்றால் போதும். சேவல் கொண்டைபோல அதைப் போட்டுக்கொண்டு இருப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பிரச்சினை நின்றது. மனேஜர் மட்டும் தொப்பியைத் தொட்டதே இல்லை. கண்ணாடி அறைக்குள் இருந்து நினைத்த நேரம் திறப்பார். ராசாவுக்கு எதற்குத் தொப்பி.

வாடைக் காற்று தொடங்கிய நேரம், ஒரு மத்தியானம், கொட்டியாரக் குடாவில் நின்ற கப்பலுக்குப் போவதற்காக அண்ணன் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றார். தொப்பி தலையில். கிண்ணியாவில் இருந்து வருகிற ரிஸ்வானா பெட்டியைத் திறக்க வேண்டி இருந்ததால் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஐயோ, தலையில கிடக்குது தங்கச்சி. நான் வைச்சிட்டன், நீங்கள் திறவுங்கோ" என்று சிரித்தார். அவள் திறக்கப் பார்த்தாள், பெட்டி திறக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன், பூட்டு மனேஜரின் மெசின் பெயரில் இருந்தது. பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு மனுசன் சாப்பிடப் போயிருந்தார். பூட்டை அழித்தேன், உள்ளே மெயில்கள் குழம்பிக் கிடந்தன, அவற்றைச் சரிப்படுத்தித் திறந்தபோது மேலே நின்றது அந்தக் கப்பல் கப்டனின் மெயில். ஏணியின் படி உடைந்துவிட்டது, கடலும் மோசம், இன்றைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அண்ணனுக்குப் போன் எடுத்தோம். வள்ளம் போய்விட்டது, இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அந்த ஏணியில் இருந்துதான் விழுந்தார். கப்பலுக்கும் வள்ளத்துக்கும் நடுவில்.

கந்தோர் என்ன சொன்னது தெரியுமா? மரியதாஸ் தொப்பியைக் கொண்டு போனதால்தான் மெயிலைப் பார்க்க முடியவில்லை, அவருடைய கவனக்குறைவு. நான் மனேஜரின் முகத்துக்கு நேரே சொன்னேன், பூட்டு உங்களுடைய மெசின் பெயரில் இருந்தது என்று. "அதை நீர்தானே அழிச்சனீர். எங்க ஆதாரம்?" என்று கேட்டார். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்ததே அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா கந்தோருக்கு வந்தார். கண்ணாடி அறையில் மனேஜரும் அக்காவும் இருந்தார்கள், என்னையும் ரிஸ்வானாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சேர், நான் காசு கேட்டு வரேல்ல. கோயில்ல சனம் கதைக்குது. அப்பா தன்ர பிழையால செத்தவர் எண்டு என்ர பிள்ளையள் கேட்டு வளரக்கூடாது. அவரில பிழை இல்லை எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ."

"அவர் வைச்சிட்டன் எண்டு சொன்னவர் சேர்," என்றாள் ரிஸ்வானா. அழுதுகொண்டே சொன்னாள்.

மனேஜர் காதில் விழாத மாதிரி, கப்டனின் மெயில் வந்த நேரத்தைக் காட்டுகிறேன் என்று பெட்டியைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்து பூட்டுக் கோப்பை வாசித்தேன், மரியதாஸ் அண்ணனின் மெசின் பெயர். அந்த மெசின் அந்த அறையிலேயே அலுமாரிக்கு மேல் கிடந்தது, அடக்கத்துக்கு அடுத்த நாள் நானே கழற்றி வயரைச் சுருட்டி வைத்தது. பூட்டை அழித்தேன். திரும்ப வந்தது. அழித்தேன், திரும்பவும் வந்தது. அதே பெயரில் வேறு மெசின் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பண்டகசாலைக்கு ஓடிப்போய் டிஸ்க்கை நிறுத்தி மறுபடி இயக்கிவிட்டு வந்தேன், பூட்டு அங்கேயே இருந்தது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள்.

"என்ன தம்பி, என்ன காட்டுது?" என்றார் அக்கா.

"அண்ணன்ர மெசின் பூட்டி வைச்சிருக்கு அக்கா."

அவர் அலுமாரிக்கு மேலே பார்த்தார், சுருட்டிய வயரைப் பார்த்தார். பிறகு மனேஜரிடம் நிதானமாகக் கேட்டார். "இப்ப ஆரிட்ட சேர் தொப்பி?"

அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அவர் வெளி வாசல் படலையைத் தாண்டின பிறகு பார்த்தேன், பூட்டு இல்லை.

இதோடு மனுசன் திருந்தினார் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை. அறிக்கையில் கவனக்குறைவு கவனக்குறைவாகவே போனது. கந்தோரில் இருந்து அக்காவுக்கு ஒரு மலர்வளையப் படமும் அனுதாபக் கடிதமும் போயின. நான் கெஞ்சிக் கேட்ட மாற்றத்தைப் பிறகு தாமாகவே செய்தார்கள், ஒரு உயிர் போன பிறகு. பெட்டி இப்போது சேர்வரின் சொந்த டிஸ்க்கில் இருக்கிறது. புதிய முறையில் பூட்டுக் கோப்பு என்று ஒன்று எழுதப்படுவதே இல்லை. ரிஸ்வானா திறந்தால் திறக்கும், நான் திறந்தால் திறக்கும். மனேஜர் திறந்தால் மட்டும் எங்கிருந்தோ அந்தக் கோப்பு வந்து நிற்கும், மரியதாஸ் அண்ணனின் பெயரில். அவர் திறப்பதை விட்டுவிட்டார். எல்லாவற்றையும் ரிஸ்வானா அச்சடித்துக் கொடுக்கிறாள். நான் காரணம் தேடுவதை விட்டுவிட்டேன், உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

அந்தத் திருப்தியும் போன கிழமையோடு போய்விட்டது. மனேஜர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், கண்ணாடி அறை பூட்டி இருந்தது. மத்தியானம், நல்ல வெயில், நானும் ரிஸ்வானாவும் மட்டும். உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது, சிரிப்போடு, இறங்குதுறையில் காற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி.

"நான் வைச்சிட்டன்."

கண்ணாடிக்குள்ளே யாரும் இல்லை. ரிஸ்வானா முகத்தை மூடிக்கொண்டாள். "அண்டைக்கும் அவர் இப்பிடித்தான் சொன்னவர்," என்றாள். எனக்குப் பயம் வரவில்லை. செத்தும் அண்ணன் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா என்றுதான் மனம் நொந்தது.